சுண்ணாம்புக் கிணற்றில் தலை முழுக்கு

கோண்டாவிலிலோ உரும்பிராயிலோ ஒரு வீட்டுக் கேத்திலைத் திறந்து பார்த்தால் அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருக்கும். அது யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடிப்பாறை. மயோசீன் காலத்தில் கடலுக்கடியில் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டை வாங்கி மெல்லிய அமிலமாகிறது. போகிற வழியில் பாறையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்து சேர்கிறது. எங்களுக்கு வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் ஓடிவிட்டுப் படுத்துவிடும். குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் தலைமுறை தலைமுறையாக நம்பியிருந்தது இந்தக் கரைந்த பாறையைத்தான்.

தலைமயிருக்கும் அதுதான். நீளக் கூந்தல் உள்ளவர்கள் இன்று பிளாஸ்டிக் போத்தலை விட்டுக் கட்டி ஷாம்புக்கு மாறுகிறார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிற உறவினரின் பெட்டியிலும் அது இருக்கிறது. உள்ளூரில் வீட்டுக் கைத்தொழிலாகக் காய்ச்சி விற்பவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டில் பட்டுப்போல் இருந்த தலை இங்கே இரண்டாம் முழுக்கிலேயே பிசுபிசுத்துத் திரிதிரியாகிவிட்டது என்ற முறைப்பாடு அடிக்கடி காதில் விழுகிறது. கட்டியைக் குற்றம் சொல்லுமுன் கிணற்றைப் பார்க்க வேண்டும்.

கணக்காகவே பார்ப்போம். லீற்றருக்கு 300 மில்லிகிராம் வன்மை உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கைக் குடிநீர் நியமமான எஸ்.எல்.எஸ். 614 (2013) அனுமதிக்கும் எல்லை 250. குடாநாட்டின் வலிகாமப் பகுதியில் அதைத் தாண்டும் கிணறுகள் பல, ஆகவே 300 ஒன்றும் மிகையான எடுகோள் அல்ல. பத்து லீற்றர் வாளி ஒன்றில் மூன்று கிராம் சுண்ணாம்புக்கல்லுக்குச் சமமான உப்பு கரைந்திருக்கிறது. சவர்க்காரம் என்பது கொழுப்பமிலத்தின் சோடிய உப்பு. கல்சியத்தைக் கண்டதும் அது சோடியத்தைக் கைவிட்டுவிட்டுக் கல்சியத்தோடு சேர்ந்து, தண்ணீரில் கரையாத வெள்ளைப் பசையாகிறது. ஒரு கல்சிய அயனுக்கு இரண்டு சவர்க்கார மூலக்கூறு செலவு. பெருக்கிப் பார்த்தால் அந்த ஒரு வாளித் தண்ணீர் ஏறக்குறைய 18 கிராம் சவர்க்காரத்தை விழுங்கிய பிறகுதான் நுரையே எழும்பும். நூறு கிராம் கட்டி ஒன்று ஐந்தரை வாளிக்குள் முடிந்துபோகும்.

உண்மையில் வாளிக்குள் கட்டியைக் கரைத்து யாரும் முழுகுவதில்லை. ஈரத் தலையில் தேய்க்கும்போது அங்குள்ள கொஞ்சத் தண்ணீரில் நுரை வந்துவிடும். வில்லங்கம் அலசும்போதுதான். மயிரிழைகளுக்கிடையில் நிற்கும் சவர்க்காரத்தின் மேல் வாளி வாளியாகக் கல்சியம் வந்து விழுகிறது. பசை இழையிலேயே உறைகிறது. குட்டை மயிரென்றால் கழுவி எடுத்துவிடலாம். இடுப்புவரை இறங்கும் கூந்தலில் அது தங்குவதற்கு இடம் நிறைய.

கட்டி ஷாம்பு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு பொருட்கள் விற்கப்படுகின்றன என்பதைக் கடைக்காரர் சொல்வதில்லை. ஒன்று தேங்காயெண்ணெயையோ ஒலிவ் எண்ணெயையோ காரத்தில் காய்ச்சிய அசல் சவர்க்காரம். அதன் பி.எச். 9, 10 என்று நிற்கும். மற்றது சவர்க்காரமே அல்லாத செயற்கைச் சுத்திகரிப்பான். பெரும்பாலும் சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் என்ற தேங்காய்வழிப் பொருள். பி.எச். 5க்கும் 7க்கும் இடையில் இருக்கும். கல்சியத்தோடு பசையாவதும் மிகக் குறைவு. உறையில் சோடியம் கோகோயேட், சோடியம் பாமேட், சோடியம் ஒலிவேட் என்று எழுதியிருந்தால் முதல் வகை. ஐசெதியோனேட் என்று முடிந்தால் இரண்டாவது. விசித்திரம் என்னவென்றால், 'நூறு வீதம் இயற்கை' என்று பச்சை எழுத்தில் போட்டுக்கொண்டு வருவது அநேகமாக முதல் வகை. எங்கள் தண்ணீருக்கு ஒத்துவராததும் அதுதான். இயற்கையா இரசாயனமா என்ற கேள்வியை நான் எப்போதோ விட்டுவிட்டேன். சுண்ணாம்புத் தண்ணீரும் இயற்கைதானே.

அப்படியானால் சவர்க்காரம் பரவுவதற்கு முன் இந்தக் கிணற்றடிகளில் அடர்ந்த கூந்தல்கள் எப்படிச் சுத்தமாயின? இலுப்பைப் புண்ணாக்கு, சீயாக்காய், வெந்தயம், தேசிக்காய். சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து ஊறவிட்டு, இவற்றை அவித்தும் அரைத்தும் தலையில் தப்பித் தேய்த்தார்கள். சீயாக்காயிலும் இலுப்பைப் புண்ணாக்கிலும் வேலை செய்வது சப்போனின்கள். மூலக்கூறின் ஒரு பக்கம் எண்ணெயோடு ஒட்டும், மறுபக்கம் சர்க்கரைச் சங்கிலி. அது தண்ணீரை நாடும். சவர்க்காரமும் இந்த இரட்டைக் குணத்தால்தான் அழுக்கை எடுக்கிறது. ஆனால் சப்போனினுக்குக் கல்சியத்தோடு கரையாத பசையாகும் பழக்கம் இல்லை. சீயாக்காய்ச் சாறு இயல்பிலேயே புளிப்பும்கூட. சப்போனினும் அமிலமும் ஒரே சட்டியில். சுண்ணாம்புக் கல்லின் மேல் குடியிருப்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இரசாயனம் சொல்வது கடினம்.

நுரை குறைவு என்பது குறையல்ல. நுரைக்கும் சுத்தத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கண்ணெரிவு மட்டும் மெய்யான குறை. சப்போனின் கண்ணின் மெல்லிய சவ்வை உறுத்தும். எண்ணெய் முழுக்கு நாளில் பிள்ளைகள் கிணற்றடியிலிருந்து ஓடியது சும்மா அல்ல.

சப்போனினின் வல்லமையைக் குடாநாடு முழுதாகச் சோதித்துப் பார்த்த காலமொன்று உண்டு. 1990களில் போர்க்காலப் பொருளாதாரத் தடை இறுகியபோது சவர்க்காரம் கிடைத்தற்கரிய பண்டமாயிற்று. வந்த கொஞ்சமும் யானை விலை. ஆவணி, புரட்டாதியில் பனங்காணிகளில் விழுந்து கிடந்த பழங்கள் அப்போது கிணற்றடிக்கு வந்தன. பழத்தைப் பிசைந்து களியை உடுப்பில் தேய்த்துத் தோய்த்துக் காயப்போட்டார்கள். அழுக்குப் போனது, வாசம் போகவில்லை. கொடியில் கிடந்த சட்டையை மாடு சப்பித் தின்ற கதையை அந்தத் தலைமுறை இன்றும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறது. சிரிப்பு வரும்படியான காலமல்ல அது.

பனங்களி ஏன் வெளுத்தது? களியில் ஒரு கைப்பு உண்டு. பனாட்டுப் போடுபவர்களுக்கும் பணியாரம் சுடுபவர்களுக்கும் அது நன்றாகத் தெரியும். அந்தக் கைப்பின் காரணத்தை ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஈ. ஆர். ஜான்ஸும் அவரோடு உழைத்தவர்களும் 1990களில் பிரித்து ஆராய்ந்தார்கள். பனையின் தாவரவியற் பெயரை ஒட்டி ஃப்ளாபெலிஃபெரின் எனப்படும் அந்தச் சேர்மங்கள் ஸ்டீரொயிட் வகைச் சப்போனின்கள். கைப்பைத் தருவது அவற்றுள் நான்கு சர்க்கரை அலகுகள் கோத்த ஒன்று. உணவு ஆய்வாளருக்கு அது நீக்க வேண்டிய தொல்லை. சவர்க்காரம் இல்லாத வீட்டுக்கு அதுவே உதவி. ஆய்வுகூடம் ஒன்றில் கைப்பை எடுக்க நொதியம் தேடிக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், வடக்கே அந்தக் கைப்பால் பள்ளிக்கூடச் சட்டை வெளுத்துக்கொண்டிருந்தது.

இனி அலசும் தண்ணீருக்கு வருவோம். வினாகிரியும் தேசிக்காயும் இரண்டு வேலை செய்கின்றன. கல்சியப் பசையைக் குலைப்பது ஒன்று. தேசிக்காயின் சிற்றிக்கமிலம் கல்சியத்தைப் பற்றி இழுத்துக்கொண்டும் போகும். மற்றது மயிரின் தோற்செதில்களைப் படியவைப்பது. கார நீரில் இழையின் மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் கூடிச் செதில் நிமிர்கிறது, உராய்வு கூடுகிறது, சிக்கு விழுகிறது, கல்சியமும் எளிதாக ஒட்டுகிறது. தலைத்தோலின் பி.எச். ஏறக்குறைய 5.5, மயிரிழையினுடையது 3.7 அளவு. பிரேசிலின் தோல் மருத்துவர்கள் 2014இல் 123 ஷாம்புகளை அளந்தபோது 5.5க்குள் அடங்கியவை 38 வீதம் மட்டுமே. போத்தலில் வருவதெல்லாம் மென்மை என்று எண்ண வேண்டாம்.

வெளிநாட்டுக் குறிப்புகள் லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி என்று சொல்லும். நாலு வீத வினாகிரியென்றால் அதில் 0.6 கிராம் அசற்றிக்கமிலம். தூய தண்ணீரில் அது பி.எச்.சை 3.4 வரை இறக்கிவிடும். எங்கள் கிணற்றில் இருகாபனேற்றும் கரைந்திருக்கிறது. லீற்றருக்கு 250 மில்லிகிராம் காரத்தன்மை என்று கொண்டால் அமிலத்தில் பாதியைத் தண்ணீரே தின்றுவிடும், பி.எச். 4.8இல் போய் நிற்கும். தலைக்கு அது நல்ல இடம். ஆனால் மாரியில் பீலித் தண்ணீர் பிடித்து அலசுபவர்கள் அதே அளவைப் போடக்கூடாது, பாதி போதும். மழைத்தண்ணீரில் எதிர்த்துப் பிடிக்க ஒன்றுமில்லை. கடைகளில் கிடைக்கும் கள்ளு வினாகிரி இதற்குத் தாராளம், அப்பிள் தேவையில்லை. தேசிக்காயென்றால் சின்னக் காயில் பாதி ஒரு லீற்றருக்கு.

வரிசை முக்கியம். சவர்க்காரம் தலையில் இருக்கும்போதே இந்தப் புளித் தண்ணீரை ஊற்றினால் சவர்க்காரம் கொழுப்பமிலமாகப் பிரிந்து எண்ணெய்ப் பிசுக்காக நிற்கும். முதலில் நன்றாக அலசிவிட்டே புளித் தண்ணீர். தேசிக்காய்ச் சாறு தோலில் நின்ற நிலையில் வெயிலில் போனால் கொப்பளித்துக் கறுக்கும். அதில் உள்ள ஃபியூரனோகூமரின்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து செய்யும் வேலை அது. கழுவிவிட்டு வெளியே போங்கள்.

நீளக் கூந்தலின் நுனி ஒரு முதிய பொருள். மாதம் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் கூட என்று வளர்வதால், 90 சென்ரிமீற்றர்க் கூந்தலின் நுனி ஆறு ஏழு வருடத்துக்கு முன் தலையை விட்டு வெளியே வந்தது. இழையின் மேல் பிறவியிலேயே ஒட்டியிருக்கும் மெல்லிய கொழுப்புப் படை அந்த வருடங்களில் தேய்ந்துபோயிருக்கும். கல்சியம் முதலில் பிடிப்பதும் அங்கேதான். எனவே தேய்ப்பதெல்லாம் தலைத்தோலோடு நிற்கட்டும், நுனிக்கு வழிந்து வரும் நுரை போதும். எண்ணெய் நேர்மாறு, அது நுனிக்கே கூடத் தேவை. இந்தியாவின் மரிக்கோ நிறுவனத்தைச் சேர்ந்த ரேலேயும் மொகிலேயும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், தேங்காயெண்ணெய் இழைக்குள்ளே புகுந்து புரத இழப்பைக் குறைப்பதாகவும், சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்யவில்லை என்றும் கண்டார்கள். தேங்காயெண்ணெய் விற்கும் கம்பனியின் ஆய்வு என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டே வாசிக்க வேண்டும். செவ்வரத்தை இலையின் வழுவழுப்பு சிக்கெடுக்க நல்லது, அழுக்கெடுக்காது. அரிசி கழுவின தண்ணீர் இழைக்கு மாப்படை பூசும். அதற்குமேல் நான் எதிர்பார்க்க மாட்டேன்.

வன்னீரால் தலைமயிர் கொட்டுகிறது என்று சொல்லிப் பலர் வடிகட்டி வாங்குகிறார்கள். கோயம்புத்தூரில் 15 பேரின் மயிரை 30 நாள், தினமும் பத்து நிமிடம் வன்னீரிலும் வாலை வடித்த நீரிலும் நனைத்துப் பார்த்த 2013ஆம் ஆண்டு ஆய்வு, இழையின் இழுவிசையிலோ மீள்தன்மையிலோ பொருட்படுத்தத்தக்க வேறுபாடு காணவில்லை. பாகிஸ்தானில் நடந்து 2018இல் வெளியான ஆய்வொன்று இழை வலுவிழப்பதாகச் சொன்னது. வழக்கு முடியவில்லை. ஆனால் இரண்டும் இழையின் வலுவைப் பற்றியவை. வேரோடு உதிர்வதற்கு இரும்புச்சத்துக் குறைவு, பிள்ளைப்பேறு, தைரொயிட் என்று வேறு காரணங்களைத் தேட வேண்டும். கிணற்றைத் திட்டிக்கொண்டு வைத்தியரிடம் போகாமல் இருப்பது புத்தியல்ல.

ஒவ்வொரு கிணறும் ஒரு குணம் என்பதையும் சொல்ல வேண்டும். தீவுப் பகுதியிலும் கரையோரத்திலும் உவர் கலக்கும்போது சவர்க்காரம் இன்னும் மோசமாகத் திரளும். பங்குனி, சித்திரையில் இருக்கும் தண்ணீரும் மார்கழி மழைக்குப் பிறகு இருக்கும் தண்ணீரும் ஒன்றல்ல. தாளையடியில் 2024 ஆகஸ்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்ட பிறகு குழாய் வரும் வீடுகளின் கணக்கும் வேறாகும். கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த தண்ணீரில் இருகாபனேற்றோடு வந்த கல்சியம் பெரும்பகுதி படிந்துவிடும், கேத்தில் அடியில் காண்பது அதையே. வெறுமனே சூடாக்குவது போதாது.

வாங்குமுன் சோதிக்க இரண்டு வெறும் போத்தல் போதும். ஒன்றில் மழைத்தண்ணீர், ஒன்றில் உங்கள் கிணற்றுத் தண்ணீர், அரைப் போத்தல் அளவில். வீட்டுச் சவர்க்காரத்தை ஒரே அளவு சீவிப் போட்டு மூடிக் குலுக்குங்கள். முதலாவது நுரைக்கும். இரண்டாவதில் நுரை நிற்காமல் வெள்ளைப் பொருக்கு மிதந்தால், சோடியம் கோகோயேட் என்று எழுதிய கட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.