பழத்தில் ஊசித்துளை

தோடம்பழம் உதிர்ந்தால் நாம் முதலில் ஏசுவது வௌவாலை. கடித்த அடையாளமின்றி ஊசித்துளை மட்டும் தெரிந்தால், அது பழந்துளைக்கும் அந்துப்பூச்சியின் வேலையாயிருக்கலாம். அமர்ந்திருக்கையில் காய்ந்த சருகேதான். எழும்பும்போதே வளைந்த கரும்புள்ளியும் கரிய ஓரமும் கொண்ட செம்மஞ்சள் பின்சிறகுகள் தெரியும். அழகுதான், தோட்டக்காரருக்கல்ல! ஆபிரிக்கா தொடக்கம் இந்தியா, இலங்கை ஊடாக அவுஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் வரை இது பரந்துள்ளது. இதன் உறிஞ்சுகுழல் நுனி முள்போல் உறுதியானது. அது குத்திய துளையால் பூஞ்சணம் புகுந்து பழம் அழுகும். புழுவோ பழத்தைத் தொடுவதில்லை. நம் பக்கத்தில் சீந்தில் முதலிய கொடிகளின் இலைகளையே தின்னும். பூச்சி இரவில் வெளியிலிருந்து வருவதால், மரத்துக்கு மருந்தடித்துப் பெரும்பயன் இல்லை. முற்றும் பழங்களுக்குப் பை கட்டலாம், விழுந்தவற்றைப் புதைக்கலாம், இரவில் ரோச் லைற்றுடன் சென்று பூச்சியைக் கையாலும் பிடிக்கலாம்.