வெப்சைட் ரீடிசைன்: டிசைனர் கலரைத் தொடுவதற்கு முன் என்னவெல்லாம் நடக்கிறது?

'நம்ம கம்பெனி வெப்சைட்டை மாத்தப் போறோம்' என்று ஆபீஸில் அறிவித்தால், பேச்சு முதலில் எங்கே போகும்? லோகோவைப் பெரிதாக்கலாமா, அந்த நீலம் டல்லா இருக்கே, முகப்பில் எம்.டி. படம் வேண்டாமா... இந்த மூன்றில்தான் நிற்கும். கருத்துச் சொல்லுங்கள் என்று உங்களுக்கும் ஒரு லிங்க் வரும்.

ஆனால், கலரும் படமும் ஒரு டிசைனரின் வேலையில் பாதிக்குப் பிறகுதான் வருகின்றன. அதற்கு முன்பு அவர் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரியாது. அது சரியாக நடக்காவிட்டால் மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

தப்பானால் என்ன ஆகும்?

பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் 2014 பிப்ரவரியில் சுமார் 15 கோடி பவுண்ட் செலவில் புதிய வெப்சைட்டைக் கொண்டு வந்தது. பத்திரிகை போன்ற பெரிய படங்கள், அழகான பக்கங்கள். ஆனால், பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் மறுபடி பதிவு செய்ய வேண்டியிருந்தது. ஜூன் இறுதி வரையிலான 13 வாரங்களில் ஆன்லைன் விற்பனை 8.1% குறைந்தது. புதிய தளத்துக்கு மக்கள் பழக மாதங்கள் ஆகும் என்று நிறுவனமே சொல்ல வேண்டிவந்தது.

நம் ஊர் உதாரணம் இன்னும் சுவாரஸ்யமானது. 2015-ல் ஃபிளிப்கார்ட், மொபைல் பிரவுசரில் வருபவர்களை 'ஆப்பை டவுன்லோடு பண்ணுங்க' என்று திருப்பி அனுப்பியது. அதன் துணை நிறுவனமான மிந்த்ரா அதே ஆண்டு மே மாதம் வெப்சைட்டையே மூடிவிட்டு, ஆப் மட்டும் என்று அறிவித்தது. இரண்டு முடிவுகளும் நிலைக்கவில்லை. 2015 நவம்பரில் 'ஃபிளிப்கார்ட் லைட்' என்ற புதிய மொபைல் தளம் வந்தது. மிந்த்ராவின் டெஸ்க்டாப் தளமும் 2016 ஜூனில் திரும்பி வந்தது.

அந்தப் புதிய தளத்தில் என்ன மாறியது?

ஃபிளிப்கார்ட் லைட்டின் கதையை கூகுள் பின்னர் எண்களோடு வெளியிட்டது. அதில் முக்கியமான எண், தளத்துக்கு வந்தவர்களில் 63% பேர் 2ஜி இணைப்பில் இருந்தார்கள் என்பது. ஆப்பை இன்ஸ்டால் செய்ய போனில் இடம் இல்லாதவர்கள், டேட்டாவை எண்ணி எண்ணிச் செலவழிப்பவர்கள் எல்லோரும் வாடிக்கையாளர்கள்தானே?

அதனால், ஒருமுறை திறந்தால் முக்கியமான பகுதிகள் போனிலேயே தங்கிவிடும்படி தளத்தைக் கட்டினார்கள். நெட்வொர்க் மோசமாக இருந்தாலும் பக்கம் உடனே திறக்கும். போனின் ஹோம் ஸ்கிரீனில் ஒரு ஐகானாக வைத்துக்கொள்ளலாம். விளைவு: தளத்தில் மக்கள் செலவழித்த நேரம் 70 வினாடியிலிருந்து 3.5 நிமிடமானது. ஹோம் ஸ்கிரீன் ஐகான் வழியாக வந்தவர்கள் மற்றவர்களைவிட 70% அதிகமாக வாங்கினார்கள்.

இங்கே டிசைனரின் கையில் இருந்த பெரிய ஆயுதம் அழகு இல்லை. 'யார் வருகிறார்கள், எந்த நிலைமையில் வருகிறார்கள்' என்ற கேள்விதான்.

சரி, டிசைனர் எங்கே ஆரம்பிப்பார்?

பழைய தளத்தில்தான். எந்தப் பக்கத்துக்கு அதிகம் பேர் வருகிறார்கள், எங்கே வெளியேறுகிறார்கள், மொபைலில் எத்தனை பேர் என்று அனலிட்டிக்ஸில் பார்ப்பார். அனலிட்டிக்ஸ் 'எங்கே' என்று சொல்லும், 'ஏன்' என்று சொல்லாது. அதற்கு இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, கஸ்டமர் கேர். தினமும் ஒரே கேள்விக்காகப் போன் வருகிறது என்றால், அதற்கான பதில் தளத்தில் கண்ணில் படவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, தளத்தின் சர்ச் பாக்ஸ். மக்கள் அதில் என்ன வார்த்தையை டைப் செய்கிறார்களோ, அதுதான் மெனுவில் இருக்க வேண்டிய வார்த்தை. நீங்கள் 'சொல்யூஷன்ஸ்' என்று எழுதியிருப்பீர்கள். அவர்கள் 'விலை' என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, தளத்தின் அமைப்பு. ஒவ்வொரு பக்கத்தின் பெயரையும் தனித்தனி அட்டையில் எழுதி, தளத்தைப் பயன்படுத்துபவர்களிடம் கொடுத்து, 'எதெல்லாம் ஒண்ணா இருக்கணும்னு தோணுதோ, அப்படி அடுக்குங்க' என்பார்கள். இதற்கு கார்டு சார்ட்டிங் என்று பெயர். பெரும்பாலான கம்பெனி வெப்சைட்கள் ஆபீஸ் டிபார்ட்மென்ட் வரிசையில் இருக்கும். வாடிக்கையாளருக்கு உங்கள் டிபார்ட்மென்ட் எதுவும் தெரியாது. தெரியவும் வேண்டியதில்லை.

வயர்ஃபிரேம் ஏன் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது?

வீடு கட்டும் முன் போடும் பிளான் மாதிரிதான் வயர்ஃபிரேம். வெறும் பெட்டிகளும் கோடுகளும். வேண்டுமென்றேதான் கலர் இல்லாமல் வைக்கிறார்கள். கலர் போட்டால் மீட்டிங்கில் கலரைப் பற்றி மட்டுமே பேச்சு ஓடும். 'இந்த பட்டன் இங்கே தேவையா?' என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்தக் கட்டத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, அர்த்தமில்லாத லத்தீன் வரிகளை நிரப்பி டிசைன் செய்வது. இந்தியாவில் இது இரட்டைச் சிக்கல். ஆங்கிலத்தில் 'கேன்சல்' ஆறே எழுத்து. தமிழில் அதே பட்டனில் 'ரத்து செய்யவும்' என்று வர வேண்டும். 'சப்மிட்' என்ற பட்டன் 'சமர்ப்பிக்கவும்' ஆகும்போது பெட்டியை விட்டு வெளியே வழியும். 'கி', 'மூ' போன்ற எழுத்துகளில் குறிகள் மேலும் கீழும் நீள்வதால், ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளி தமிழுக்கு நெருக்கியடிக்கும்.

முதல் நாளிலிருந்தே நிஜமான வாசகங்களோடு, தளம் வரப்போகும் எல்லா மொழிகளிலும் வரைந்து பார்ப்பதுதான் தீர்வு. எழுத்துருவுக்கும் பஞ்சமில்லை. மும்பையின் எக் டைப் குழு உருவாக்கிய முக்தா குடும்பத்தில் தமிழுக்கு 'முக்தா மலர்' இருக்கிறது. இலவசம்தான்.

அப்போ கலர் எப்போது?

இப்போதுதான். டிசைனர் முதலில் மூட்போர்டு தயாரிப்பார். படங்கள், எழுத்துருக்கள், நிறங்கள் எல்லாம் ஒரே பலகையில். 'நம்பகமா இருக்கணும், ஆனா இளமையாவும் இருக்கணும்' என்று நீங்கள் சொன்னதை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்று முழு டிசைனுக்கு முன்பே சரிபார்க்கும் வழி இது.

நிறத்தில் ரசனை மட்டும் பேசக் கூடாது, அளவும் உண்டு. வெப் அணுகல் தொடர்பான சர்வதேச நெறிமுறைப்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 கான்ட்ராஸ்ட் இருக்க வேண்டும். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து ஸ்டைலாக இருக்கலாம். வெயிலில் நின்று போனைப் பார்ப்பவருக்கு அது வெற்றுப் பக்கம்.

எல்லாவற்றையும் அளந்துவிட முடியுமா என்றால், அதுவும் இல்லை. எந்த நீலம் சிறந்தது என்று கூகுளில் 41 நீலங்களைச் சோதித்தார்கள். அதைச் சுட்டிக்காட்டி 2009-ல் அதன் விஷுவல் டிசைன் தலைவர் டக் பவ்மன் வேலையை விட்டார். சின்னச் சின்ன முடிவுக்கும் டேட்டா கேட்டால் புதிதாக எதையும் முயல முடியாது என்பது அவர் தரப்பு. அந்த நீலத்தால் ஆண்டுக்கு 20 கோடி டாலர் கூடுதல் வருமானம் வந்ததாக 2014-ல் கூகுள் பிரிட்டனின் நிர்வாக இயக்குநர் சொன்னார். இரண்டு பேர் சொன்னதும் பொய்யில்லை. கோடிக்கணக்கானோர் வரும் தளத்தில் 41 நீலங்களைச் சோதிக்கலாம். நாளுக்கு 200 பேர் வரும் தளத்தில் அந்தச் சோதனை எதையும் சொல்லாது. அங்கே டிசைனரின் கண்ணை நம்புங்கள்.

சோதிக்க எத்தனை பேர் வேண்டும்?

ஐந்து பேர் போதும். ஒரு தளத்தின் பயன்பாட்டுச் சிக்கல்களில் சுமார் 85% ஐந்து பேரை உட்காரவைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-ல் எழுதினார். 15 பேரை ஒரே தடவை சோதிக்காதீர்கள்; ஐந்து பேரிடம் சோதித்து, திருத்தி, மறுபடி ஐந்து பேரிடம் போங்கள் என்பது அவர் யோசனை. பயன்படுத்துபவர்கள் வெவ்வேறு வகையினர் என்றால் ஒவ்வொரு வகையிலும் தனியாகச் சோதிக்க வேண்டும். பக்கத்து சீட் நண்பர் கணக்கில் வர மாட்டார். அவருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும்.

கிளையண்ட் கேட்டாலும் செய்யக்கூடாதது என்ன?

'இன்னும் 2 மட்டுமே உள்ளது' என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காத பொருளை கார்ட்டில் சேர்ப்பது, 'வேண்டாம்' என்பவரைக் குற்ற உணர்வுக்கு ஆளாக்குவது, சந்தாவில் சேர ஒரு கிளிக், விலக ஒரு போராட்டம் என்று வைப்பது. இவற்றை டார்க் பேட்டர்ன்ஸ் என்கிறார்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இப்படி 13 வகைகளைத் தடை செய்கின்றன. இதில் பலவற்றை வரைவது டிசைனரின் கைதான். 'மேலே சொன்னாங்க, செஞ்சேன்' என்பது இனி அவ்வளவு எளிதான பதில் இல்லை.

அணுகலும் அப்படித்தான். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களால் கேமரா முன் கண் சிமிட்டி கே.ஒய்.சி. முடிக்க முடியவில்லை என்ற வழக்கில், டிஜிட்டல் அணுகல் என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. 'கண்ணைச் சிமிட்டுங்கள்' என்பது யாரோ ஒருவர் ஸ்கிரீனில் வைத்த ஒரு வரி. சிமிட்ட முடியாதவர் இருப்பார் என்று அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

நீங்கள் என்ன கேட்கலாம்?

கருத்துச் சொல்லும் முறை உங்களுக்கு வந்தால், கலரை விட்டுவிட்டு இவற்றைக் கேளுங்கள்:

- இந்தத் தளத்துக்கு வருபவர்கள் செய்யும் முக்கியமான மூன்று வேலைகள் எவை? அவை முன்பைவிட எளிதாகியிருக்கின்றனவா?
- விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், மோசமான நெட்வொர்க்கில் திறந்து பார்த்தீர்களா?
- தமிழ், இந்தி பக்கங்களில் பட்டன்கள் உடைகின்றனவா?
- மவுஸ் இல்லாமல், ஸ்கிரீன் ரீடரோடு பயன்படுத்த முடிகிறதா?
- பழைய லிங்க்குகள் புதிய பக்கத்துக்குப் போகின்றனவா? பழைய லாகின் வேலை செய்யுமா?
- ஒரேயடியாக மாற்றுகிறோமா, முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் காட்டுகிறோமா?

கடைசி இரண்டையும் லான்ச்சுக்கு முந்தைய வாரம் கேட்டால் பயனில்லை. வயர்ஃபிரேம் கறுப்பு வெள்ளையில் இருக்கும்போதே கேளுங்கள். அப்போது மாற்ற ஒரு அழிப்பான் போதும்.