பழைய கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு: முதலில் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ்

புதுதில்லி: தில்லி நேரு பிளேஸ், மும்பை லாமிங்டன் சாலை, பெங்களூரு எஸ்.பி. சாலை ஆகிய கணினிச் சந்தைகளில், அலுவலகங்கள் பயன்படுத்திக் கழித்த மேசைக் கணினிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கும் மாணவர்களும், வீட்டில் பத்தாண்டு பழைய கணினி வைத்திருப்போரும் கேட்பது ஒன்றே: கிராபிக்ஸ் கார்டு மட்டும் பொருத்தினால் வீடியோ தொகுப்புக்கும் விளையாட்டுக்கும் இது போதுமா? பல நேரங்களில் போதும். ஆனால், கார்டின் விலையை விசாரிக்கும் முன் கணினிப் பெட்டியைத் திறந்து, மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் மீதுள்ள சீட்டைப் படிக்க வேண்டும்.

அச்சீட்டில் பெரிய எழுத்தில் '450 வாட்' என்றிருப்பதை அப்படியே நம்பிவிடக் கூடாது. செயலியும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் தடத்திலிருந்தே மின்சாரம் பெறுகின்றன. அத்தடத்துக்குக் குறிக்கப்பட்ட ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் கிடைப்பதே உண்மையில் பயன்படும் திறன். 16 ஆம்பியர் என்றால் 192 வாட் மட்டுமே. கேபினட்டுடன் சேர்த்துத் தரப்படும் மலிவான எஸ்எம்பிஎஸ்களில் இந்த வேறுபாட்டைக் காணலாம். '80 பிளஸ்' முத்திரையும் மின்சாரம் வீணாகும் அளவு குறைவு என்பதற்கான சான்றே தவிர, பாதுகாப்புக்கான உத்தரவாதம் அன்று.

மதர்போர்டில் கார்டு பொருந்தும் பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பிடம் அதிகபட்சமாக 75 வாட் தரும். 6 முனை கேபிள் மேலும் 75 வாட்டும், 8 முனை கேபிள் 150 வாட்டும் தரும். 70 வாட் கொண்ட 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050, 75 வாட் ஜிடிஎக்ஸ் 1650 ஆகியவற்றின் பல மாதிரிகளுக்குத் தனிக் கேபிள் தேவையில்லை. ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கோ 170 வாட் வேண்டும். அதனுடன் 84 வாட் கோர் ஐ5-4590 செயலியைச் சேர்த்தாலே 254 வாட் ஆகிவிடுகிறது. ஹார்டு டிஸ்க், மின்விசிறிகள் தனி. இக்கார்டுக்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸை என்விடியா பரிந்துரைப்பதும் இதனால்தான்.

6 முனை கேபிள் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, சாட்டா இணைப்பிலிருந்து மாற்றித் தரும் சிறிய கேபிள் ஒன்று சந்தையில் விற்கப்படுகிறது. சாட்டா மின் இணைப்பின் 12 வோல்ட் முனைகள் 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட் வரையே தாங்கும். 75 வாட் இழுக்கப்பட்டால் இணைப்பி சூடேறி உருகக்கூடும். 'ஓடும்' என்று கடைக்காரர் சொல்வது உண்மையே. எத்தனை நாள் என்பதுதான் கேள்வி.

எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும்போது பழைய கேபிள்களைப் புதியதில் செருகுவது இன்னும் ஆபத்தானது. கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ்களில், பெட்டியை ஒட்டிய முனைகளின் வரிசைக்குப் பொதுத் தரநிலை கிடையாது. செருகி சரியாகப் பொருந்தினாலும் வோல்டேஜ் மாறிப் பாய்ந்து, ஹார்டு டிஸ்க் எரிந்து, பல ஆண்டுப் புகைப்படங்களும் ஆவணங்களும் ஒரு நொடியில் அழிந்துவிடலாம். வேலையைத் தொடங்கும் முன் தரவுகளுக்கு நகல் எடுத்துவைப்பது அவசியம்.

டெல், ஹெச்பி நிறுவனங்களின் பல அலுவலகக் கணினிகளில் மதர்போர்டுக்கான மின் இணைப்பு வழக்கமான 24 முனை வகையைச் சேர்ந்ததன்று. கடையில் கிடைக்கும் எஸ்எம்பிஎஸ் அவற்றில் நேரடியாகப் பொருந்தாது. ஒல்லியான பெட்டிகளில் உயரம் குறைந்த கார்டு மட்டுமே நுழையும். இத்தகைய கணினிகளுக்குத் தனிக் கேபிள் கேட்காத கார்டே ஏற்றது.

யுபிஎஸ்ஸையும் கணக்கில் கொள்ள வேண்டும். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ்கள் பெரும்பாலும் 360 வாட் அளவையே தாங்கும். திரையையும் அதில் இணைத்திருந்தால், மின்தடை ஏற்படும் கணத்தில் கணினி அணைந்துபோகலாம்.

பழைய கார்டு வாங்குவோர் மென்பொருள் ஆதரவையும் பார்க்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ உள்ளிட்ட 1000 வரிசைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வெளியீட்டை 2025 அக்டோபருடன் என்விடியா நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும். ஜிடிஎக்ஸ் 1650 இப்பட்டியலில் இல்லை.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் செயலியாயின் 8-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ தேவை என்பது மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான நிபந்தனை. எந்தக் கிராபிக்ஸ் கார்டைப் பொருத்தினாலும் 4-ஆம் தலைமுறைக் கணினி அத்தகுதியைப் பெறாது.