பெரியப்பாவைக் குளிப்பாட்ட ஒருவர் வருகிறார்



புலம்பெயர்ந்து வந்த எம்மவர்களுக்கும் வயது போகின்றது. 1983 ஆம் ஆண்டுக்குப் பின் ஜேர்மனிக்கு வந்தவர்களில் பலர் அப்போது இளைஞர்கள். கிழக்கு பேர்லின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் வந்து அகதி விண்ணப்பம் கொடுத்தவர்கள். அந்த இளைஞர்கள் இன்று முதியவர்கள். அவர்களை யார் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்ற கேள்வி இப்போது பல வீடுகளில் இருக்கின்றது. ஆனால் அதைப் பற்றி வெளியே கதைப்பவர்கள் குறைவு. எங்கள் வீட்டில் நடந்ததை ஒளிவு மறைவில்லாமல் இங்கே எழுதுகின்றோம். புதிதாக வந்து குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு இது உதவும் என்று நம்புகின்றோம்.

எங்கள் பெரியப்பா 1985 இல் வந்தவர். றெஸ்ரோறன்ற் குசினியில் கோப்பை கழுவினார். பிறகு தொழிற்சாலையில் வேலை செய்து பென்சன் எடுத்தார். மூன்று சகோதரிகளுக்குச் சீதனம் அனுப்பினார், தான் கலியாணம் செய்யவில்லை. 2013 இல் நாங்கள் அகதி முகாமில் இருந்து வெளியே வந்தபோது, தன்னுடைய இரண்டு அறை வீட்டில் ஓர் அறையை எங்களுக்குத் தந்துவிட்டு வரவேற்பறையில் படுத்தவர் அவர்.

மூன்று வருடங்களுக்கு முன் அவருக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் பலம் குறைந்தன. அதன் பிறகு மறதியும் தொடங்கியது. நாற்பது வருடமாகக் கதைத்த டொச் மொழி கொஞ்சம் கொஞ்சமாக அவரை விட்டுப் போனது. தமிழ் மட்டும் மிஞ்சியது.

நாங்கள் இருவரும் தொழிற்சாலை வேலை. ஒருவர் காலைச் சிவ்ட், மற்றவர் பின்னேரம் அரைநேர வேலை. இடையில் ஒரு மணித்தியாலம் வீட்டில் யாரும் இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது பெரியப்பா குளியலறை நிலத்தில் கிடந்தார். எழும்ப முடியவில்லை. "பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டிருக்கலாமே பெரியப்பா" என்று கேட்டோம். "ஏன் தம்பி சனத்துக்குக் கரைச்சல்" என்றார்.

அன்று இரவு நாங்கள் நித்திரை கொள்ளவில்லை. ஒருவர் வேலையை விடுவதா? விட்டால் வாடகை? மருமகளாக வந்த பெண் பெரியப்பாவைக் குளிப்பாட்டுவதா? அவர் அதற்குச் சம்மதிப்பாரா? வெளியாளை வைத்தால் ஊர் என்ன சொல்லும்? இந்தக் கடைசிக் கேள்வியே எங்களை ஆறு மாதம் பிந்த வைத்தது.

ஒரு தொலைபேசி அழைப்பு போதும்

இந்த நாட்டில் 1995 முதல் பராமரிப்புக் காப்புறுதி இருக்கின்றது. வேலை செய்பவரின் சம்பளத்திலும் பென்சன்காரரின் பென்சனிலும் மாதாமாதம் அதற்குக் காசு கழிபடுகின்றது. பெரியப்பாவும் முப்பது வருடமாகக் கட்டியிருக்கிறார். இது பிச்சை அல்ல, அவர் கட்டிய காசு என்பதை முதலில் நாங்கள் எங்களுக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒவ்வொரு கிறாங்கன்காசேயிலும் பிளேககாசே என்று ஒரு பகுதி உண்டு. அங்கே தொலைபேசி எடுத்து, பராமரிப்பு உதவிக்கு விண்ணப்பிக்கின்றோம் என்று சொன்னாலே போதும், விண்ணப்பமாக எடுத்துக்கொள்வார்கள். படிவம் பிறகு தபாலில் வரும். அழைத்த திகதியைக் குறித்து வையுங்கள், உதவி அந்த மாதத்தில் இருந்தே கணக்கிடப்படும். யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால், அங்குள்ள சோசியல்டீன்ஸ்ட் பகுதியில் கேட்டாலும் விண்ணப்பிக்க உதவுவார்கள். பிளேககாசேயின் ஆலோசனையும் இலவசம், கேட்டால் வீட்டுக்கே வருவார்கள்.

புதிதாக வந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடந்த பத்து வருடங்களில் குறைந்தது இரண்டு வருடம் இந்தக் காப்புறுதியில் இருந்தவருக்கே பிளேககாசே உதவும். அண்மையில் வந்த தாய் தகப்பனுக்கு அது இல்லாவிட்டால் சோசியல்அம்ற்றில் கேட்க வேண்டும். அங்கே வருமானத்தையும் வதிவிட அனுமதியையும் பார்ப்பார்கள்.

நாங்கள் விட்ட பிழை

விண்ணப்பித்த பின் மெடிசினிஷர் டீன்ஸ்ட் என்ற அமைப்பில் இருந்து ஒருவர் வீட்டுக்கு வந்து முதியவரைப் பார்ப்பார். அவருக்கு எவ்வளவு உதவி தேவை என்று புள்ளி போடுவார். 2017 முதல் ஐந்து படிகள் இருக்கின்றன. அதைப் பிளேககிராட் என்பார்கள். பன்னிரண்டரைப் புள்ளிக்கு முதலாம் படி, 27 க்கு இரண்டாம் படி, நாற்பத்தேழரைக்கு மூன்றாம் படி, 70 க்கு நான்காம் படி, 90 க்கு ஐந்தாம் படி.

அந்த நாள் வந்தது. பெரியப்பாவுக்குச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேர்ட் போட்டு இருத்தினோம். வீட்டைக் கழுவித் துடைத்தோம். வந்த அம்மாவுக்குத் தேத்தண்ணீரும் பலகாரமும் வைத்தோம். பெரியப்பாவுக்கு எங்கிருந்தோ பழைய டொச் திரும்பி வந்தது. "அல்லஸ் கூட்" என்று சிரித்தார். கையை உயர்த்தச் சொன்னதும் பல்லைக் கடித்துக்கொண்டு உயர்த்தினார். கழிப்பறைக்குத் தானாகப் போவாரா என்று கேட்டபோது மொழிபெயர்த்தது நாங்கள். இரவில் படுக்கை நனைகின்றது என்பதை அவர் முன்னால் எப்படிச் சொல்வது? "பெரும்பாலும் தானாகப் போவார்" என்று சொன்னோம். யார் குளிப்பாட்டுவது என்று கேட்டபோது "கொஞ்சம் உதவி செய்வோம்" என்றோம்.

சில வாரங்களில் கடிதம் வந்தது. 25 புள்ளி, முதலாம் படி. அதற்கு மாதம் 131 யூரோ வரையான சிறு உதவியே உண்டு. கையில் காசும் இல்லை, குளிப்பாட்ட ஆள் அனுப்பும் பெரிய தொகையும் இல்லை.

முதலில் அந்த அம்மாவின் மேல் கோபம் வந்தது. பிறகு அறிக்கையின் பிரதியை வாங்கி, டொச் நன்றாகத் தெரிந்த ஒருவரோடு இருந்து வாசித்தோம். நாங்கள் சொன்னதைத்தான் அவர் எழுதியிருந்தார். கழுவுதல், உடுப்பு மாற்றுதல், சாப்பிடுதல், கழிப்பறை ஆகிய பகுதிக்கே மொத்தப் புள்ளியில் நூற்றுக்கு நாற்பது பங்கு. நாங்கள் வெட்கப்பட்டு மறைத்ததும் அதே பகுதியைத்தான்.

முடிவு பிழை என்றால் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம். அதற்கு வீடர்ஷ்புறூக் என்று பெயர். முதலில் ஒரு வரி எழுதி அனுப்பினால் போதும், காரணத்தைப் பின்னர் அனுப்பலாம். பதிவுத் தபாலில் அனுப்புவது நல்லது. நாங்கள் இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் குறித்தோம். இரவில் எத்தனை தடவை எழும்பினார், எத்தனை தடவை உடுப்பு மாற்றினோம், எந்த நாள் அடுப்பை அணைக்க மறந்தார், எந்த நாள் விழுந்தார் என்று எழுதினோம். குடும்ப வைத்தியரின் கடிதத்தையும் இணைத்தோம்.

இரண்டாம் முறை வேறொருவர் வந்தார். பெரியப்பா வீட்டில் உடுக்கும் சாரத்தோடு இருந்தார். மொழிபெயர்க்க வெளியில் இருந்து ஒருவரை அழைத்திருந்தோம். படுக்கை நனைவது போன்ற விடயங்களைக் குசினிக்குள் தனியாகக் கூட்டிப் போய்ச் சொன்னோம். பெரியப்பாவின் மானமும் கெடவில்லை, உண்மையும் மறையவில்லை. மூன்றாம் படி கிடைத்தது. முதல் விண்ணப்பத்தின் திகதியில் இருந்தே கணக்கிட்டுத் தந்தார்கள்.

பிள்ளைகளை இந்த வேளையில் மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். அப்பப்பாவின் கழிப்பறை விடயத்தை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை சொல்ல வேண்டி வருவது இருவருக்கும் கூடாது.

காசா, ஆளா?

இரண்டாம் படியில் இருந்து இரண்டு வழிகள் உண்டு. வீட்டாரே பார்த்தால் பிளேககெல்ட் என்ற காசு முதியவருக்கு வரும். 2025 ஜனவரி முதல் இரண்டாம் படிக்கு மாதம் 347, மூன்றாம் படிக்கு 599, நான்காம் படிக்கு 800, ஐந்தாம் படிக்கு 990 யூரோ. பிளேகடீன்ஸ்ட் என்ற பராமரிப்பு நிறுவனத்தில் இருந்து ஆள் வந்தால், அந்த நிறுவனத்துக்கு நேரடியாக இதைவிடக் கூடிய தொகை போகும். அது 796, 1497, 1859, 2299 யூரோ வரை.

இரண்டையும் கலக்கவும் முடியும். இது பலருக்குத் தெரியாது. பெரியப்பாவுக்கு நிறுவனத்துக்கான 1497 யூரோவில் பாதி செலவாகின்றது. அதனால் காசாக வரும் 599 இலும் பாதி, அதாவது 299 யூரோ 50 சதம், அவருடைய கணக்குக்கு வருகின்றது. காலையில் நிறுவனத்து ஆள், மற்ற நேரம் நாங்கள்.

மருந்து கொடுப்பது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுவது வேறு கணக்கு. வைத்தியர் எழுதித் தந்தால் அதைக் கிறாங்கன்காசே கொடுக்கும். காசை மட்டும் எடுக்கும் குடும்பங்கள் இரண்டாம், மூன்றாம் படிகளில் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஆலோசனைக்கு ஒருவரை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். தவறினால் காசைக் குறைப்பார்கள்.

வேலையைக் குறைத்துப் பார்ப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. இரண்டாம் படியிலோ அதற்கு மேலோ உள்ள ஒருவரை வாரத்தில் பத்து மணித்தியாலமாவது, குறைந்தது இரண்டு நாட்களில், சம்பளம் இல்லாமல் பார்த்தால், வெளி வேலை வாரத்துக்கு முப்பது மணித்தியாலத்தைத் தாண்டாதபோது, உங்கள் பென்சனுக்குப் பிளேககாசே கட்டும். கேட்டுப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள்.

யாரை வீட்டுக்குள் விடுவது?

பிளேககாசேயிடம் கேட்டால் அருகிலுள்ள நிறுவனங்களின் விலைப் பட்டியலைத் தருவார்கள். நாங்கள் முதலில் எடுத்த நிறுவனம் கிட்டவாக இருக்கின்றது என்பதற்காகவே எடுத்தது. ஒவ்வொரு நாளும் புதிய முகம். எட்டு மணி என்றால் பதினொரு மணி. பெரியப்பா பயந்து கதவைப் பூட்டிக்கொள்வார். மாத முடிவில் கையெழுத்துக்கு வந்த தாளில், முகம் மட்டும் கழுவிய நாட்களுக்கும் முழுக் குளிப்பு என்று போட்டிருந்தது. நாங்கள் கொப்பியைக் காட்டினோம், திருத்தினார்கள். அந்தத் தாளை வாசிக்காமல் ஒருபோதும் கையெழுத்து வைக்க வேண்டாம். சிறிய கழுவலுக்கு ஒரு விலை, பெரிய கழுவலுக்கு இன்னொரு விலை.

பராமரிப்பு ஒப்பந்தத்தைப் பராமரிக்கப்படுபவர் எந்த நேரமும், தவணை கொடுக்காமல், முறிக்கலாம். அது சட்டம். நாங்கள் முறித்தோம். அடுத்த நிறுவனத்தோடு கையெழுத்து வைக்க முன் கேள்விகளை எழுதிக்கொண்டு போனோம்.

ஆண் பராமரிப்பாளர் வருவாரா? பெரும்பாலும் ஒரே ஆள் வருவாரா? எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம்? பிந்தினால் அறிவிப்பார்களா? காசே கொடுப்பதற்கு மேல் எங்கள் கையால் எவ்வளவு போகும்? செலவுக் கணக்கை எழுத்தில் தருவார்களா? சனி, ஞாயிறு என்ன செய்வார்கள்?

அவர்களுக்கு நாங்களும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தோம். பெரியப்பா மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார். குளித்த பின் திருநீறு பூசுவார். வீட்டுக்குள் சப்பாத்தோடு வருவதை விரும்பமாட்டார். தண்ணி, நோகுது, குளிருது, போதும் ஆகிய சொற்களை டொச் எழுத்தில் எழுதி அர்த்தத்தையும் போட்டோம்.

இன்னும் ஒன்று. பெறாமகன் என்பதற்காக வங்கியோ வைத்தியரோ எங்களிடம் கதைக்க வேண்டும் என்று இல்லை. சொந்தப் பிள்ளைக்கும் தானாக அந்த உரிமை வராது. ஃபோர்சோர்கஃபொல்மாக்ட் என்ற அதிகாரப் பத்திரத்தை முதியவர் புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். பெரியப்பா பாரிசவாதம் வந்த முதல் வருடத்தில் கையெழுத்து வைத்தது எங்கள் நல்ல காலம்.

இன்று

இப்போது காலை ஏழேமுக்காலுக்கு மணி அடிக்கும். போலந்தில் இருந்து வந்த ஒரு பராமரிப்பாளர். வாசலில் சப்பாத்தைக் கழற்றி, தான் கொண்டு வரும் வேறொன்றைப் போடுவார். 'பெரியப்பா' என்பது அவருடைய பெயர் என்று நினைத்து, முதல் நாளில் இருந்தே "குட்டன் மோர்கன், பெரியப்பா" என்கிறார். நாங்கள் திருத்தவில்லை. நாற்பது நிமிடத்தில் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, கதிரையில் இருத்திவிட்டுப் போவார்.

முதல் வாரம் பெரியப்பா எங்களோடு கதைக்கவில்லை. இரண்டாம் வாரம், "அவன் கை பதமாகப் பிடிக்கிறான் பிள்ளை, உங்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை" என்றார். எங்களுக்குக் குளிப்பாட்டும் முறை தெரியாது என்பதை அவர் அவ்வளவு நாளும் சொல்லாமல் பொறுத்திருக்கிறார்.

ஊர் கதைத்தது. "பெரியப்பாவை வெள்ளைக்காரனிடம் விட்டிட்டினமாம்" என்று கோயிலில் சொன்னார்கள். சொன்னவர்களில் ஒருவர் போன மாதம் இரவில் தொலைபேசி எடுத்து, தன் தாய்க்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்டார். சொல்லிக் கொடுத்தோம்.

முன்பு வேலையால் வந்ததும் வாளியும் துவாயுமாக ஓடுவோம், களைப்பில் எரிந்து விழுவோம். இப்போது பின்னேரங்களில் அவருக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணீர் குடிக்க நேரம் இருக்கின்றது. அவர் ஊர்க் கிணற்றடியைப் பற்றிச் சொல்வார், நாங்கள் கேட்போம். அதை எந்த நிறுவனத்து ஆளாலும் செய்ய முடியாது. அதை எங்களால் செய்ய முடிவது, மற்றதைச் செய்யத் தெரிந்த ஒருவர் வருவதால்தான்.

ஆகவே வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒருவர் "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்தால், எங்களைப் போல ஆறு மாதம் பிந்த வேண்டாம். நாளைக் காலை தொலைபேசியை எடுங்கள். பார்க்க வருபவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.