தூங்கும் லேப்டாப்! எழுதியது தப்புமா?

லேப்டாப் தூங்குமா? தூங்கும்! மூடியைச் சாத்தினால் தூங்கும். சிறிது நேரம் தொடாமல் விட்டாலும் தூங்கும்.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி, மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. தஞ்சைக் கிராமங்களிலும் லேப்டாப் புகுந்தது. பாடக் கட்டுரை, வேலைக்கு மனு எல்லாம் அதில்தான். "பாதி எழுதி மூடி வைத்தேன். காலையில் திறந்தால் ஒன்றும் இல்லை!" என்று கலங்குகிறவர்களும் உண்டு.

காரணம் என்ன?

மணலும் ஓலையும்

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகினார்கள். கை பட்டால் எழுத்து போய்விடும். ஓலையில் எழுத்தாணியால் கீறியதோ நிலைத்து நின்றது. தஞ்சை சரசுவதி மகால் நூல் நிலையத்தில் பழைய ஓலைச்சுவடிகள் இன்றும் இருக்கின்றன.

லேப்டாப்பிலும் மணல் உண்டு, ஓலையும் உண்டு. நாம் எழுதுவது முதலில் 'ராம்' என்ற பகுதியில் நிற்கிறது. அதுதான் மணல். மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். 'சேவ்' செய்தால் 'டிஸ்க்'கில் பதிகிறது. அதுதான் ஓலை. மின்சாரம் போனாலும் அழியாது.

லேப்டாப் தூங்கும்போது திரை அணைந்துவிடும். பேட்டரி, 'ராம்' பகுதிக்குச் சிறிதளவு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்தால்? மணல் எழுத்தின் கதிதான்!

புயல் வந்தால்...

2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி அதிகாலையில் 'கஜா' புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. மின் கம்பங்கள் சாய்ந்தன. டெல்டா கிராமங்கள் பல நாட்கள் இருளில் கிடந்தன. அத்தகைய வேளையில் பேட்டரி எத்தனை நேரம் தாங்கும்?

என்ன செய்யலாம்?

எழுதத் தொடங்கியதுமே கோப்புக்குப் பெயர் கொடுத்து 'சேவ்' செய்யவேண்டும். பிறகு பத்தி முடியும்போதெல்லாம் 'கண்ட்ரோல்', 'எஸ்' இரண்டையும் சேர்த்து அழுத்தவேண்டும்.

நெடுநேரம் மூடி வைப்பதானால் 'ஸ்லீப்' வேண்டாம், 'ஹைபர்னேட்' நல்லது. அது 'ராம்' பகுதியில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டுத்தான் அணையும். விண்டோஸ் லேப்டாப்பில் அந்தச் சொல் தென்படாவிட்டால், 'கண்ட்ரோல் பேனல்', 'பவர் ஆப்ஷன்ஸ்' பகுதியில் தேடலாம்.

பேட்டரி குறைந்ததும் தானாகவே 'ஹைபர்னேட்' ஆகும் லேப்டாப்புகளும் உண்டு. ஆனால் பழைய பேட்டரி திடீரென்று நின்றுவிடும். அதை நம்பக்கூடாது.

அறுத்த நெல்லைக் களத்தில் திறந்து போட்டுவிட்டு எந்த விவசாயியும் தூங்கப் போகமாட்டார். வீடு வந்து சேர்ந்த நெல்தான் நெல். 'சேவ்' செய்த எழுத்துதான் எழுத்து!