பாரிஸில் கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

முதன்முறையாகப் பாரிஸ் கிளம்புகிறவர்களுக்கு ஊரெல்லாம் சொல்லும் எச்சரிக்கை ஒன்றே ஒன்று: பர்ஸ் பத்திரம். சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2013 ஏப்ரலில் பிக்பாக்கெட் தொல்லை தாங்காமல் லூவர் அருங்காட்சியகத்தின் ஊழியர்களே வேலைக்கு வர மறுத்து, ஒரு நாள் அந்த அருங்காட்சியகம் மூடிக் கிடந்தது. ஆனால் திருடன் கொண்டுபோவதைவிட நாமே விட்டுவிட்டு வருவது அதிகம் என்று நினைக்கிறேன். விசா மறுத்தால் காரணம், பொருள் தொலைந்தால் புகார் நகல், விமானம் தாமதமானால் இழப்பீடு எல்லாம் சட்டப்படி நமக்குச் சேர வேண்டியவை. மொழி தெரியாது, நேரமில்லை, எதற்கு வம்பு என்று வெறுங்கையோடு நகர்ந்துவிடுகிறோம். பிரான்ஸ் நிர்வாகம் காகிதத்தின் மேல் ஓடுகிறது. அந்த இடத்திலேயே, அப்போதே எழுத்தில் வாங்காத எதையும் பின்னால் மீட்பது மிகக் கடினம்.

விசாவிலிருந்தே தொடங்குவோம். சுற்றுலாவுக்கும் உறவினரைப் பார்க்கவும் ஷெங்கன் குறுகிய கால விசா போதும். எந்த 180 நாள் காலத்திலும் 90 நாட்களுக்கு மேல் தங்கக் கூடாது. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும். கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். ‘விசா உறுதி’ என்று பணம் கேட்கும் முகவரை நம்ப வேண்டாம். முடிவெடுப்பது தூதரகம் மட்டுமே. விண்ணப்பத்தைக் கையில் வாங்கும் மையத்துக்குக்கூட அதில் பங்கில்லை. முகவர் செருகிய போலி ஹோட்டல் முன்பதிவோ ஜோடித்த வங்கிக் கணக்கோ பிடிபட்டால், மறுப்பு உங்கள் பெயரில்தான் பதிவாகும். அந்தப் பதிவு ஐரோப்பிய விசா தகவல் தொகுப்பில் 5 ஆண்டு இருக்கும். மறுத்தால் கட்டணம் திரும்பாது. ஆனால் காரணத்தை எழுத்தில் தர வேண்டியது அவர்கள் கடமை. மேல்முறையீடு செய்யும் இடமும் கெடுவும் அந்தக் கடிதத்திலேயே இருக்கும். கெடு 30 நாள்தான் என்பதால், கடிதத்தைச் சினத்தில் கிழித்துப் போடாதீர்கள்.

நம்மில் பலர் பாரிஸ் போவது ஐஃபில் கோபுரத்துக்காக மட்டுமல்ல. அங்கே அக்கா இருப்பார், சித்தப்பா இருப்பார். 1980-களிலிருந்து வந்து சேர்ந்த ஈழத்தமிழர்களும், பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற புதுச்சேரிக் குடும்பங்களுமாக அது தமிழர்களுக்கும் சொந்த ஊர் ஆகிவிட்டது. உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், வீட்டுக்காரர் தம் பகுதி நகரசபையில் ‘அத்தெஸ்தாசியோன் தாக்கேய்’ என்ற வரவேற்புச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரை. கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பாது. நீங்கள் செலவுக்குத் திண்டாடினால் நான் பார்த்துக்கொள்வேன் என்று அவர் கையெழுத்துப் போடுகிறார், வீட்டில் இடம் இருக்கிறதா என்று நகரசபை விசாரிக்கலாம். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். டிக்கெட் வாங்கிவிட்டுச் சித்தப்பாவை அவசரப்படுத்துவது அவருக்கும் நல்லதல்ல.

அந்தச் சான்றிதழின் மூலப்பிரதி கைப்பையில் இருக்கட்டும், சரக்குப் பெட்டியில் வேண்டாம். விசா ஒட்டியிருந்தாலும் எல்லை அதிகாரி தங்குமிடம், திரும்பும் டிக்கெட், செலவுப் பணம் மூன்றையும் கேட்கலாம். சான்றிதழ் இருந்தால் நாளுக்கு 32.50 யூரோ, ஹோட்டல் முன்பதிவு இருந்தால் 65, இரண்டும் இல்லையென்றால் 120 என்பது கணக்கு. 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிகிறார்கள், ஆகவே வரிசை நீளும். யாரையாவது உள்ளே விட மறுத்தால் அந்த முடிவையும் எழுத்தில் தர வேண்டும். மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், தூதரகத்துக்குச் சொல்லச் சொல்லலாம், ஒரு முழு நாள் கழியும்வரை திருப்பி அனுப்பக் கூடாது என்றும் கோரலாம். வாய் திறந்து கேட்டால்தான் இந்த ஒரு நாள் கிடைக்கும்.

சார்ல் து கோல் விமான நிலையத்தில் இறங்கியதும் ‘டாக்ஸியா?’ என்று அருகே வந்து கேட்பவரோடு போகாதீர்கள். அனுமதி பெற்ற டாக்ஸிக்காரர் வெளியே வரிசையில் நிற்பார், கூரையில் விளக்குப் பலகை இருக்கும். நகருக்குள் கட்டணத்தை அரசே நிர்ணயித்திருக்கிறது: 2025 நிலவரப்படி சேன் ஆற்றின் வலது கரைக்கு 56 யூரோ, இடது கரைக்கு 65. பெட்டிக்கும் இரவுக்கும் தனிக்காசு கிடையாது. கார்டை மறுக்க முடியாது, ரசீதும் தர வேண்டும். ரயிலில் போனால் ஒரு கவனம்: நகருக்குள் செல்லும் சாதாரண மெட்ரோ டிக்கெட் விமான நிலையத்துக்குச் செல்லாது. விமான நிலைய டிக்கெட் தனி. 2025 ஜனவரியில் அதை 13 யூரோ ஆக்கினார்கள், பிறகும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. தெரியாமல் வந்தேன் என்று சொன்னாலும் பரிசோதகர் அபராதம் போடுவார். வெளியேறும் வரை டிக்கெட் கையில் இருக்கட்டும், அபராதம் கட்ட நேர்ந்தால் ரசீது வாங்குங்கள்.

இனி திருட்டு. சாக்ரே கேர் தேவாலயப் படிகளில் மணிக்கட்டில் நூல் கட்டிவிட்டுக் காசு கேட்பது, காது கேளாதோருக்கான மனு என்று கையெழுத்து வாங்கும்போது மற்றொரு கை பையைத் துழாவுவது, ஐஃபில் கோபுரம் அருகே மூன்று கிண்ணம் ஒரு பந்துச் சூதாட்டம் எல்லாம் பழைய வித்தைகள். அந்தச் சூதாட்டத்தில் ஜெயிப்பதாகத் தெரிகிறவரும் கூட்டாளியே. நோத்ர் தாம் பேராலயம் தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்தது, உள்ளே நுழைவது இலவசம். வாசலில் அதற்கு நுழைவுச் சீட்டு விற்பவர் மோசடிக்காரர். சாதாரண உடையில் வந்து ‘போலீஸ், பர்ஸைக் காட்டு’ என்பவரும் அப்படித்தான். நிஜப் போலீஸ் உங்கள் ரூபாய் நோட்டை எண்ணாது.

பொருள் போய்விட்டால் செய்ய வேண்டியதை இங்கே அழுத்திச் சொல்கிறேன். முதலில் கார்டை முடக்குங்கள். பிரான்ஸில் 50 யூரோ வரை பின் எண் இல்லாமலே கார்டைத் தொட்டுச் செலவழித்துவிடலாம், எனவே ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியைச் சேர்ந்தது என்று 2017-லேயே ரிசர்வ் வங்கி விதி வகுத்திருக்கிறது. முறையீட்டு எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்தது போலீஸ் நிலையம். திருட்டு எந்த வட்டாரத்தில் நடந்திருந்தாலும், நீங்கள் நுழையும் நிலையம் புகாரை வாங்கியே ஆக வேண்டும். இது பிரெஞ்சுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம். மொழிபெயர்ப்பு உதவி கேட்கலாம், ஒரு காசும் இல்லை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: ‘மேன் கூராந்த்’ என்று ஒரு பதிவேட்டில் எழுதிவிட்டு அனுப்பிவிட்டால், அது நடந்ததைக் குறித்து வைத்த குறிப்பு மட்டுமே. காப்பீட்டு நிறுவனம் கேட்பது ‘ப்ளாந்த்’ எனப்படும் முறையான புகார். அந்தச் சொல்லைச் சொல்லிக் கேளுங்கள். ஒப்புகைச் சீட்டையும் புகாரின் நகலையும் வாங்காமல் நாற்காலியை விட்டு எழ வேண்டாம். பாஸ்போர்ட்டும் போயிருந்தால் இதே காகிதத்தோடு உங்கள் நாட்டுத் தூதரகம் போக வேண்டும். இந்தியத் தூதரகம் 16-ஆவது வட்டாரத்தில் இருக்கிறது. ஊர் திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழ் அங்கே கிடைக்கும்.

கார் து நோர் நிலையமும் அதன் பின்புறத்து லா சப்பலும் தமிழ்க் கடைகளுக்கும் 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்துக்கும் பேர்போனவை. வழி தவறினால் அங்கே தமிழில் கேட்கலாம் என்பதே பெரிய தைரியம். அதே பகுதியில் போலீஸ் அடையாளச் சோதனையும் அடிக்கடி நடக்கும். வெளிநாட்டவர் தங்கும் உரிமையைக் காட்டும் ஆவணத்தை வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். பாஸ்போர்ட்டை ஹோட்டலில் பூட்டிவிட்டு நகலோடு அலையலாமா என்று பலர் கேட்பார்கள்; சட்டைக்குள் தொங்கும் பையில் மூலத்தையே வைத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து. காட்ட முடியாமல் நிலையத்துக்கு அழைத்துப் போனால், தங்கும் உரிமையைச் சரிபார்க்க அதிகபட்சம் 24 மணி நேரம் வைத்திருக்கலாம். அந்த நேரத்தில் மொழிபெயர்ப்பாளர், வழக்கறிஞர், மருத்துவர் மூவரும் உங்கள் உரிமை. குடும்பத்துக்கும் தூதரகத்துக்கும் தகவல் சொல்லலாம். மரியாதைக் குறைவாகவோ தோல் நிறத்தைக் காட்டியோ நடத்தினால், சீருடையில் இருக்கும் 7 இலக்க எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டவரும் கட்டணமின்றி முறையிட ‘உரிமைகள் காப்பாளர்’ என்ற அரசியலமைப்பு அமைப்பு அங்கே 2011 முதல் இயங்குகிறது. பாகுபாட்டுப் புகாருக்கு 3928 என்ற எண்ணில் அழைக்கலாம்.

சாப்பாட்டு விஷயம் சுருக்கமாக. உணவோடு குழாய்த் தண்ணீர் இலவசம். ‘கராஃப் தோ’ என்று கேட்டால் குடுவையில் தருவார்கள், வெறும் தண்ணீர் என்றால் காசு கொடுக்கும் பாட்டில் வரும். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் உங்கள் விருப்பம். சைவர்கள் சாலட்டிலும் சூப்பிலும் இறைச்சி கலந்திருக்கிறதா என்று கேட்டே சாப்பிடுங்கள்.

திரும்பும் பயணத்தில் உள்ள உரிமை நம்மவர்கள் அறவே கோராத ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் 261/2004 என்ற விதி பொருந்தும். பாரிஸிலிருந்து சென்னை போன்ற 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், நிறுவனத்தின் பொறுப்பால் 4 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக ஊர் சேர்ந்தால் ஆளுக்கு 600 யூரோ, 3 முதல் 4 மணி நேரம் என்றால் 300. ஒரே டிக்கெட்டில் வளைகுடா வழியே மாறி வந்தாலும் இது செல்லும். மோசமான வானிலை போன்ற காரணத்தால் இழப்பீடு இல்லாமல் போகலாம். அப்போதும் சாப்பாடும், இரவு தங்க நேர்ந்தால் அறையும் தர வேண்டும். ஊரிலிருந்து பாரிஸ் போகும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் இந்த விதி உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். பெட்டி வராவிட்டால் நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே அறிக்கை எழுதி நகல் வாங்குங்கள். சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி வந்த 21 நாளுக்குள் எழுத்தில் கோர வேண்டும். போர்டிங் பாஸை வீடு வந்ததும் குப்பையில் போடாதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதி, போனில் இல்லாமல் சட்டைப் பையில் வையுங்கள்: எல்லா அவசரத்துக்கும் 112, போலீஸ் 17, மருத்துவ உதவி 15, உங்கள் வங்கியின் வெளிநாட்டு எண், காப்பீட்டு நிறுவனத்தின் எண், தங்கும் வீட்டின் முகவரி. போன் திருட்டுப் போனாலும் அந்தத் தாள் உங்களிடம் இருக்கும்.