உப்புக் காற்றிலும் உங்கள் தளபாடங்கள் உழைக்கட்டும்!

வீட்டைப் பெருக்குகிறோம். பாத்திரங்களைத் துலக்குகிறோம். துணிகளைத் துவைக்கிறோம். ஆனால் தினமும் உட்காரும் கதிரையையும், உடுப்பு வைக்கும் அலுமாரியையும், படுக்கும் கட்டிலையும் எத்தனை பேர் கவனிக்கிறோம்? பெருநாள் நெருங்கினால்தான் அவற்றின் நினைவு வருகிறது. ஒரு வாளித் தண்ணீர், ஒரு துணி; மரத்துக்கும் அதுதான், இரும்புக்கும் அதுதான்! நோய்க்கேற்ற மருந்து என்பது போல், பொருளுக்கேற்ற பராமரிப்பும் உண்டு, சகோதரிகளே.

மட்டக்களப்பு மாவட்டத்தின் வடக்கே உள்ள வாகரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை அங்கே வீடுகளை வாரிச் சென்றது. அடுத்து வந்த யுத்தத்தில், 2006இன் இறுதியிலும் 2007இன் தொடக்கத்திலும் மக்கள் இருந்ததை விட்டுவிட்டு வெளியேறினார்கள். 2007இல் மீளக் குடியேறியவர்கள் பாய், தலையணையிலிருந்து ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. அப்படிச் சேர்த்த பொருள் ஐந்தாறு வருடத்தில் உக்கிப்போனால், இன்னொன்று வாங்க எத்தனை மாதம் மிச்சம் பிடிக்க வேண்டும்! வாகரைக்கு மட்டுமல்ல, கடலோரத்தில் குடியிருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும்.

உப்பு என்ன செய்கிறது?

மாரி காலத்தில் உப்புப் போத்தலில் நீர் விடுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடற்காற்று கொண்டுவந்து அலுமாரியில் படியவிடும் உப்பும் இதையே செய்கிறது. இரும்பு துருப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

இரும்பு

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து உப்பை நீக்குங்கள். உடனே உலர்ந்த துணியால் ஈரத்தை எடுங்கள். இரண்டாவது துணியை மறந்தால் முதலாவதால் பயனில்லை. துரு தெரிந்தால் அரத்தாளால் நன்றாகத் தேய்த்து, ரெட் ஒக்சைட் பூசிக் காயவிட்டு, மேலே பெயின்ட் அடியுங்கள். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் அது உள்ளே தின்றுகொண்டே இருக்கும். அலுமாரியின் கால்களுக்குக் கீழே மரக்கட்டை வையுங்கள். சுவருக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

மரம்

தேக்கு, முதிரை, பலா எதுவானாலும் முதலில் உலர்ந்த துணியால் தூசியைத் துடையுங்கள். அழுக்கிருந்தால் மட்டும் சவர்க்காரம் கலந்த நீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணி. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் பூசும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது காய்ந்து இறுகாத எண்ணெய். இரண்டு நாள் மினுங்கும், பிறகு பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். பூச்சில்லாத மரத்துக்கு ஆளிவிதை எண்ணெயை மெல்லிதாகப் பூசலாம். ஆனால் கவனம்: அந்த எண்ணெய்த் துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும்! வெளியே விரித்துக் காயவிட்ட பிறகே வீச வேண்டும்.

பழைய அரக்குப் பொலிஷ் போட்ட மேசையா? அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். செண்ட் போத்தலை அதன்மேல் வைத்துத் திறக்காதீர்கள். ஒரு துளி சிந்தினாலும் தழும்பு விழுந்துவிடும்.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அலுமாரிகளுக்கு ஈரமே எதிரி. ஒருமுறை ஊறி வீங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது.

பிரம்பு

இடுக்குத் தூசியைப் பழைய பல் தூரிகையால் எடுங்கள். பின்னிய இருக்கை தொய்ந்துவிட்டதா? தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். கதிரையைக் கவிழ்த்து, அடிப்பக்கத்தைச் சுடுநீர்த் துணியால் நன்றாக நனைத்து, யாரும் உட்காராமல் நிழலில் காயவிடுங்கள். இழைகள் அறுந்திராவிட்டால் பிரம்பு காயும்போது சுருங்கி இறுகும்.

பிளாஸ்டிக்

சவர்க்கார நீரும் மென்மையான துணியும் போதும். மணலும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து அழுக்கு அதற்குள் குடியேறும். முற்றத்து வெயிலிலேயே கிடக்கும் கதிரை நிறம் வெளிறி, தொட்டால் வெண்தூள் ஒட்டுகிறதா? அது நொய்ந்துவிட்டது. அதன்மேல் வயோதிபர்களை உட்கார வைக்காதீர்கள். பிள்ளைகளை ஏறி நிற்கவும் விடாதீர்கள்.

மெத்தை

ஈரலித்த மெத்தையில் பூஞ்சணமும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகளும் பெருகும். பிள்ளையின் இரவு இருமலுக்கும் மூச்சிழுப்புக்கும் இவை காரணமாகலாம். வெயில் கண்ட நாளில் மெத்தையையும் தலையணைகளையும் வெளியே போட்டு இரு பக்கமும் காயவையுங்கள். மரத்தில் பூஞ்சணம் பிடித்தால் காய்ந்த துணியால் தட்டாதீர்கள். அது வீடெங்கும் பறக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு சவர்க்காரத் துணியால் துடைத்து உலர்த்துங்கள்.

வெள்ளம் புகுந்தால்

2011 ஜனவரியில் மட்டக்களப்பு மாவட்டம் வெள்ளத்தில் மிதந்ததை மறக்க முடியுமா? அப்படியொரு வேளையில் சேறு காயுமுன் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கடல்நீர் பட்டிருந்தால் இரண்டு மூன்று முறை கழுவுங்கள். மரச்சாமான்களைக் கடும் வெயிலில் வைத்தால் வெடிக்கும். காற்றோட்டமான நிழலே நல்லது. இறுகிய லாச்சியை இழுத்து உடைக்காதீர்கள். பின்பலகையைக் கழற்றி உள்ளிருந்து தள்ளுங்கள், அல்லது காயும் வரை பொறுங்கள். வெள்ளத்தில் ஊறிய ஸ்பொஞ்ச் மெத்தையை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். மலசலகூட நீரும் கலந்த வெள்ளம் அது. மெத்தையின் விலையைவிடப் பிள்ளையின் சுகம் பெரிது.

ஓர் எச்சரிக்கை

அழுக்கு சீக்கிரம் போகட்டும் என்று வெளுக்கும் திரவத்துடன் கழிவறை அமிலத்தைக் கலக்கவே கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். மண்ணெண்ணெய், தின்னர் போன்றவற்றைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகமெடுத்த பிள்ளைக்கு அது சோடாவாகத்தான் தெரியும்.

வாரத்தில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாரி தொடங்குமுன் ஒருநாள் அலுமாரிகளை நகர்த்திப் பின்புறத்தையும் கால்களையும் பாருங்கள்; கறையான் மண்கோடு போட்டிருக்கிறதா, துரு எட்டிப் பார்க்கிறதா என்று தெரிந்துவிடும். பாரமான வேலைகளைக் கணவரும் வளர்ந்த மகனும் செய்யட்டும். உங்கள் உம்மா தந்த கட்டிலில் உங்கள் பேரப்பிள்ளை உறங்குவதற்கு இந்தச் சிறு கவனமே போதும்!